சிரிப்பு வரவழைத்தல் தொடர்பாக

கிருபாகரன் வாழைப்பழத் தோலின் மேல் நான்காவது முறையாகக் காலை வைத்தார். வழுக்கவில்லை. தோல்தான் நசுங்கித் தரையில் ஒட்டிக்கொண்டது.

சினிமாவில் மட்டும் அத்தனை பேரும் எப்படித்தான் வழுக்கி விழுகிறார்களோ! விளாங்குடி பழக்கடையில் விற்கிற நாட்டுப்பழத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது போலிருக்கிறது. விழுந்தால் அடிபடாமல் இருக்க முன்னால் மெத்தையைக்கூட விரித்து வைத்திருந்தார்.

"என்னங்க, கதவைச் சாத்திக்கிட்டு உள்ள என்ன செய்றீங்க?" அடுப்படியிலிருந்து மனைவி எஸ்தர் குரல் கொடுத்தாள்.

"பழம் சாப்பிடுறேன்."

"காலையில இருந்து அம்புட்டுப் பழமா?"

அவர் எரிச்சலோடு தோலைக் குதிகாலால் ஓங்கி மிதித்தார். இந்தத் தடவை வழுக்கியது. மெத்தை முன்னால் இருந்தது. அவர் பின்னால் விழுந்தார்.

ஐம்பத்திரண்டு வயதுக் கிருபாகரன் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை எழுத்தர். இருபத்தேழு வருஷ சர்வீசில் அவர் சொன்ன எதற்கும் யாரும் சிரித்ததில்லை. அவர் போகிற கிறிஸ்தவ சபையில் வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகைக்கு, அதாவது அறுவடைத் திருநாளுக்கு, நாடகம் போடுவார்கள். அதில் அவருக்கு நிரந்தரமாக ஒரு வேஷம் உண்டு. ராஜா கதை என்றால் ஈட்டி பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். குடும்பக் கதை என்றால் குடை பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். வசனம் கிடையாது.

போன வருஷம் வேஷத்துக்காக இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டதால், இந்த முறை சபைப் போதகரான ஆயர் ஐயா ஜெபம் பண்ணிவிட்டுச் சீட்டுக் குலுக்கினார். கஞ்சப் பண்ணையார் வீட்டுச் சமையல்காரன் வேஷம் கிருபாகரனுக்கு விழுந்தது. நாடகத்தில் சிரிப்புக்கென்று இருப்பதே அந்த ஒரு வேஷம்தான். பத்து வருஷமாகச் சிரிப்பு வேஷங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்போல நடித்துவந்த ஆன்சன் கையில் குடையைக் கொடுத்துவிட்டார்கள்.

முதல் ஒத்திகையில் கிருபாகரன் எல்லா வசனத்தையும் தப்பில்லாமல் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"மாப்ள, சுற்றறிக்கை நல்லா இருந்துச்சு. வசனத்தை எப்பப் பேசுவ?" என்றார் ஆன்சன்.

அதற்கு எல்லோரும் சிரித்தார்கள். கிருபாகரனுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அந்த மேடையில், தன்னைப் பார்த்து ஜனங்கள் சிரிக்க வேண்டும். சாப்பாடு இறங்காத அளவுக்கு அந்த ஆசை அவரைப் பிடித்துக்கொண்டது.

சென்னையில் வேலை பார்க்கும் மகள் ஆஷ்லினிடம் போனில் புலம்பினார்.

"பெரிய பெரிய காமெடி நடிகர்களைப் பாருங்கப்பா. அவங்ககிட்டதான் கத்துக்கணும்" என்று அவள் வாட்ஸ்அப்பில் நாற்பது வீடியோக்களை அனுப்பிவைத்தாள்.

கிருபாகரன் எதையும் முறையாகச் செய்கிறவர். புதிய கோப்பு ஒன்றைத் திறந்து, மேலே 'பொருள்: சிரிப்பு வரவழைத்தல் தொடர்பாக' என்று எழுதினார். விழுதல், கோணலாக நடத்தல், வாயை ஒரு பக்கமாக இழுத்தல் என்று வரிசையாகக் குறிப்பெடுத்தார். பெரிய நடிகர் ஒருவர் பேட்டியில் சொன்னதைச் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்தார்: 'சிரிக்க வைக்கப் போவது முன்கூட்டி யாருக்கும் தெரியக் கூடாது.' ஆகவே வீட்டில்கூட மூச்சு விடவில்லை.

இப்போது விழுதல் முடிந்தாயிற்று. இடுப்பு பிடித்துக்கொண்டதால் கோணல் நடை தானாகவே வந்துவிட்டது. மிச்சம் இருந்தது முகம். மறுநாள் ஆபீசில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, பீரோ கண்ணாடி முன்னால் நின்று வாயை வலது பக்கமாகக் காதுவரை இழுத்து, இடது கண்ணைப் பாதி மூடினார்.

டீ கொண்டுவந்த ஆபீஸ் உதவியாளர் சின்னத்தாய் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஐயா... என்னய்யா ஆச்சு?"

ரகசியம் வெளியே போகக் கூடாதே என்ற பதற்றத்தில் வாயை நேராக்காமலேயே, "ஒண்ணுமில்ல" என்றார். ஓரத்தில் எச்சில் வேறு ஒழுகியது. சின்னத்தாய் டீயை அங்கேயே வைத்துவிட்டு எஸ்தருக்குப் போன் பண்ண ஓடினாள்.

அன்று சாயங்காலம் அவர் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு தெருவில் வருவதை எஸ்தர் வாசலில் நின்று பார்த்தாள். ஓடிப்போய் அவரைத் தோளில் தாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்டப் போவோம்ங்க."

"எதுக்கு? பண்டிகை முடியட்டும். அதுவரைக்கும் என்னை எதுவும் கேக்காத" என்றார் கிருபாகரன், சிவப்பு மையை நினைத்துக்கொண்டு.

பயந்த மனிதரை மேலும் பயமுறுத்தக் கூடாது என்று எஸ்தர் நினைத்தாள். 'என் கணவருக்கு முகவாதம், பக்கவாதம். அவரிடம் யாரும் நோயைப் பற்றிப் பேச வேண்டாம்' என்று ஒரு ஜெபக் குறிப்பு எழுதி ஆலயப் பெட்டியில் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆயர் அதை வாசித்து, முழுச் சபையையும் எழுந்து நிற்கச் சொல்லி ஜெபித்தார். கிருபாகரன் அந்த ஆராதனையில் இல்லை. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார்.

அன்று மத்தியானமே பெண்கள் ஐக்கியச் சங்கத்திலிருந்து பன்னிரண்டு பேர் ஆரஞ்சும் ஹார்லிக்சுமாக வந்து கூடத்தில் உட்கார்ந்தார்கள். இடுப்பு வலிக்கு இம்புட்டு அன்பா என்று கிருபாகரனுக்கு உருகிவிட்டது.

"எல்லாம் சரியாயிரும் அண்ணே" என்றார் சங்கத்துச் செயலாளர் பாக்கியம்.

பன்னிரண்டு பேர் வரிசையாக உட்கார்ந்து தன்னையே பார்க்கிறார்கள். இதைவிட நல்ல ஒத்திகை கிடைக்குமா? கிருபாகரன் ஆரஞ்சை வாங்கும் சாக்கில் திடீரென்று வாயை இழுத்து, கண்ணைச் சொருகினார்.

பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினார். மற்றவர்கள் சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தார்கள்.

அவர்கள் போன பிறகு கிருபாகரன் கோப்பில் எழுதினார்: 'சிரிப்பு இல்லை. வேகம் போதாது. இரட்டிப்பாக்கவும்.'

இரட்டிப்பாக்கினார். அதைப் பார்த்த பால்காரர் மறுநாளிலிருந்து எஸ்தரிடம் தாழ்ந்த குரலில் பேச ஆரம்பித்தார். புதன்கிழமை ஆயரே வீட்டுக்கு வந்தார்.

"இந்த வருஷம் ஆன்சனே நடிச்சுரட்டுமே. நீங்க ஓய்வா இருங்க."

கிருபாகரன் ஆயரின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, அப்படிச் சொல்லிறாதீங்க. இந்த ஒரு தடவை ஜனங்க என்னைப் பார்த்துச் சிரிச்சாப் போதும். அதுக்கப்புறம் நான் உங்ககிட்ட எதுவுமே கேக்க மாட்டேன்."

ஆயர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, வாசலில் நின்று வெகுநேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

பண்டிகை அன்று சாயங்காலம் ஆலய மைதானம் நிரம்பி வழிந்தது. கிருபாகரன் கையில் ரசச் சட்டியோடு, கற்றுக்கொண்ட கோணல் நடையில் மேடைக்கு வந்தார். முன்வரிசையில் ஒரு பெண் "ஆண்டவரே!" என்றாள். வாயை இழுத்தார். "ஸ்தோத்திரம்" என்று நாலு குரல் எழுந்தது. வழுக்கி விழுந்தார். மைதானமே எழுந்து நின்றுவிட்டது. சொல்லி முடியாத அளவுக்கு அழுகை.

பண்ணையார் வேஷத்தில் இருந்த சபை மூப்பர் கிளமெண்டுக்கு வசனம் மறந்துபோயிற்று. முழங்கால் போட்டுக் கிருபாகரனின் தலையில் கையை வைத்தார். ஆயர் மைக்கோடு மேடைக்கு ஓடி வந்தார்.

"இந்த மனுஷனின் வாதத்தைக் குணமாக்கும்! கோணலாப் போன இந்த முகத்தை நேராக்கும்!"

படுத்த வாக்கில் கிருபாகரன் அதைக் கேட்டார். ஆரஞ்சு, ஹார்லிக்ஸ், பால்காரர் எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. அவமானமும் ஆத்திரமும் பொங்க, துள்ளி எழுந்து ஆயர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

"வாதமா? யாருக்கு வாதம்? இதை நடிப்புன்னு சொல்லுவாங்கய்யா! நடிப்பு!"

மெத்தையை முன்னால் விரித்துவிட்டுப் பின்னால் விழுந்ததைச் சொன்னார். எப்படி விழுந்தேன் என்று விழுந்தும் காட்டினார். சின்னத்தாய் முழித்த முழியைக் காட்டினார். பாக்கியம் விம்மியதை, பால்காரர் குசுகுசுத்ததை, ஒன்றுவிடாமல் காட்டினார். "நாற்பது வீடியோ பார்த்து, ராப்பகலாப் பாடுபட்டேனே! சிரிக்கத்தானய்யா சொன்னேன், யாரு உங்களை அழச் சொன்னது?" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினார்.

எங்கோ ஒரு ஓரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது பக்கத்தில் பரவியது. பிறகு மைதானம் முழுக்க வெடித்தது. நாற்காலியிலிருந்து சரிந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். பெண்கள் பக்கத்தில் எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். ஆன்சன் குடையைப் போட்டுவிட்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார். கிருபாகரன் கத்தக் கத்தச் சிரிப்பு கூடியதே தவிர, குறையவில்லை.

திரை விழுந்தபின் மேடைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து வியர்வையைத் துடைத்தார். சந்தோஷத்தில் பையிலிருந்த கோப்பை எடுத்து இரண்டாகக் கிழித்தார். பெரிய நடிகர்களாம், பாடமாம்! அவர்களிடம் கற்றது அத்தனையும் ஜனங்களை அழத்தான் வைத்தது. எல்லாவற்றையும் உதறிவிட்டு, மனசில் பட்ட உண்மையை வாய்விட்டுச் சொன்னேன், சிரித்தார்கள். இவ்வளவுதான் விஷயம் என்று நினைத்துக்கொண்டார்.

வயரைச் சுருட்டிக்கொண்டே அந்தப் பக்கம் வந்த மைக்செட் அழகுபாண்டி அவரைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நீங்க மைக்கப் பிடுங்குன வேகத்துல வயரு அந்துபோச்சுண்ணே. ஜெனரேட்டர் இரைச்சல்ல நீங்க பேசுனது ஒரு வார்த்தை கீழ கேக்கல. வெறும் வாயையும் மூஞ்சியையும் வச்சே இம்புட்டுச் சனத்தையும் சிரிக்க வச்சீங்களே, எந்த நடிகர்கிட்டண்ணே கத்துக்கிட்டீங்க?"