நாக்கு டிரெசருக்குச் சொல்லாத பெயர்

மலாயாவின் பேராக் மாநிலத்தில் யாரையுமே நம்பாத மனிதர் ஒருவர் இருந்தார் என்றால், அது எங்கள் நாக்கு டிரெசர்தான். அவர் பார்த்துவந்த தோட்டத்து மருந்து அறையில் மூன்று தெர்மாமீட்டர்கள் இருந்தன. ஒன்று பொய் சொன்னால் மற்ற இரண்டும் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் கணக்கு. மூன்றும் ஒரே அளவைக் காட்டிவிட்டால் அவருக்கு முகம் இருண்டுவிடும்.

"மூணும் பேசி வச்சுக்கிட்டுச் சொல்லுது, கிராணி ஐயா" என்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி. ஆபீஸ் வேலை. மருந்து அறை என் ஆபீசுக்கு எதிரே இருந்ததால் டிரெசரை நாள் முழுதும் பார்க்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். தோட்டத்துத் தொரை உட்பட எல்லாரும் 'டிரெசர்' என்றார்கள். அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் 'நாக்கு டிரெசர்' என்றார்கள். யாரைப் பார்த்தாலும் முதலில் நாக்கை நீட்டச் சொல்வார். ஒருமுறை ஈப்போவிலிருந்து சைக்கிளில் வந்த துணி வியாபாரியையும் விடவில்லை. அந்த ஆள் நாக்கை நீட்டிவிட்டு, துணி மூட்டையைப் பிரிக்காமலே திரும்பிப் போய்விட்டான்.

ரப்பர் மரங்கள் மாசி மாதத்தில் இலை உதிர்க்கும். பங்குனியில் செம்பு நிறத்தில் துளிர் விடும். பால் குறைந்துவிடும், பால்வெட்டு வேலையும் குறையும். ஆட்கள் குடியிருந்த லயங்களில் பாட்டும் சிரிப்புமாக இருக்கும். "எங்கள் ஊர் வசந்தம் மாதிரியே இருக்கிறது" என்று தொரையின் மனைவி ஒருநாள் சொன்னதை நான் டிரெசரிடம் தமிழில் சொன்னேன்.

"வசந்தந்தான், யாரு இல்லேன்னா? கொசுவுக்கு வசந்தம்" என்றார்.

துளிர் விடும் காலத்தில்தான் காய்ச்சல் வரும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதோடு சித்திரை விடுமுறையும் சேர்ந்துகொள்ளும். விடுமுறை என்றால் உறவினர் வருவார்கள், நாமும் உறவினர் வீட்டுக்குப் போவோம். அவர் பார்வையில் உறவினர்கள் என்பவர்கள் காய்ச்சலைத் துணிப்பையில் வைத்து எடுத்து வருகிறவர்கள்.

"விருந்தாளி வந்தா மொதல்ல நாக்கப் பாருங்க. காப்பியெல்லாம் அப்புறம்" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போவார்.

காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்கும்போது, டிரெசர் வாளியிலிருந்து காய்ச்சலைத் தடுக்கும் கொயினாத் தண்ணீரைத் தகரக் குவளையில் மொண்டு ஒவ்வொருவருக்கும் கொடுப்பார். அதன் கசப்பு மதியச் சோறு வரைக்கும் கூட வரும். ஆகவே பலர் அதை வாயில் அடக்கிக்கொண்டு போய் மரத்தடியில் துப்பினார்கள். இதைத் தெரிந்துகொண்ட டிரெசர், குடித்தவுடன் நாக்கை நீட்டி அவரவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்று சட்டம் போட்டார். வாய் நிறைய மருந்தை வைத்துக்கொண்டு பேச முடியாது அல்லவா?

முடியும் என்று காட்டினாள் ஒருத்தி. அவள் பெயர் அம்மு. நாக்கு நுனியை மட்டும் வெளியே காட்டிவிட்டு, உதட்டைத் திறக்காமலே 'அம்மு' என்று முனகிவிட்டுப் போய், சித்திரை விடுமுறைக்கு முதல்நாள் வேலியோரத்தில் துப்பும்போது பிடிபட்டாள்.

அன்று டிரெசர் சாப்பிடவில்லை. மருந்து அறை வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களின் கன்னங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் எங்களைச் சந்தேகப்பட்டார் என்றால், நாங்கள் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. அவர் கொயினா குடித்து ஒருவரும் பார்த்ததில்லை. வேறு தோட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தபோது அவர் கொண்டுவந்த சாமான்களில் ஒரு டிரங்குப் பெட்டியும், மண்ணெண்ணெய் டின்னில் வளர்ந்த ஒரு செம்பருத்திச் செடியும் இருந்தன. செடியை வீட்டு ஜன்னலுக்குக் கீழே வைத்திருந்தார். தினமும் காலையில் அதன் அடி மண்ணை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். நானே பார்த்திருக்கிறேன். வெட்டுக்காரி ராமாயி இதற்கு விளக்கம் வைத்திருந்தாள்.

"அவரு பங்கு கொயினாவ அந்தச் செடிக்கு ஊத்துறாரு லா. கசப்பு எறங்கிடுச்சான்னு ருசி பாக்குறாரு. நமக்கு மட்டும் நாக்க நீட்டு, வாயத் தொறன்னு!"

இன்னும் சிலர் அது மந்திரச் செடி என்றார்கள். டிரெசர் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர், வழி தவறி இங்கே இறங்கிவிட்டார் என்று லாரி டிரைவர் காதர் பாய் சொன்னார். என் மனைவி மரகதம் மட்டும் வேறொன்றைக் கவனித்திருந்தாள். "அந்தச் செடி பூ பூத்து நான் பாத்ததில்ல" என்று ஒருநாள் சொன்னாள். அவ்வளவுதான்.

மரகதத்தின் மனம் அப்போது பாகான் செராயில் இருந்தது. அவள் பிறந்த வீடு அங்கே, வயல்களுக்கு நடுவில். கலியாணமாகி வந்தபின் அவள் ஒருமுறைகூடப் போகவில்லை. இப்போது அவள் தங்கைக்குக் கலியாணம். சித்திரைப் பிறப்புக்கு மறுநாள் விடியற்காலை முகூர்த்தம். தாய் இல்லாத தங்கை. 'உனக்குத் தலை பின்னிப் பூ வைப்பது நான்தான்' என்று மரகதம் வாக்குக் கொடுத்திருந்தாள். தோட்டத்து லாரியில் ஈப்போ ஸ்டேஷனுக்குப் போய் மதிய ரயிலைப் பிடிக்க வேண்டும். அதை விட்டால் முகூர்த்தத்துக்குப் போய்ச்சேர வழியில்லை.

சித்திரை முதல் நாள் காலை, லாரி வாசலில் எல்லாரும் புதுத்துணியில் கூடினோம். லாரியின் பின்கதவுக்கு முன்னால் டிரெசர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் குவளை.

"குடிச்சிட்டுத்தான் ஏறணும். தொரை உத்தரவு. போன வருசம் லீவுக்குப் போனவங்க காய்ச்சலோட வந்தீங்க."

"குடிக்கிறோம் லா. பேரும் சொல்றோம்" என்றார் ஒருவர்.

"ஒங்க பேரு வேணாம். அத வாயில மருந்தோட சொல்லப் பழகிட்டீங்க. இதுவரைக்கும் வாயில வராத பேரு வேணும். ஆம்பளைங்க மாமியா பேரச் சொல்லுங்க. பொம்பளைங்க புருசன் பேரச் சொல்லுங்க."

கூட்டத்தில் ஒரே சத்தம்.

ஆண்கள் பாடு ஓரளவுக்குப் பரவாயில்லை. பாதிப்பேருக்கு மாமியார் பெயர் தெரியவில்லை. மனைவிமார் பின்னாலிருந்து கிசுகிசுத்தார்கள். நான் குடித்து, நாக்கை நீட்டி, காலஞ்சென்ற என் மாமியாரின் பெயரை மரியாதையோடு சொல்லி ஏறிவிட்டேன். பெண்கள்தான் தரையில் நின்றார்கள். புருசன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறையும் என்பது அவர்களுக்கு ஊரிலிருந்து கப்பலில் கூடவே வந்த பயம்.

முதலில் ராமாயி. குடித்தாள்; நாக்கை நீட்டினாள்.

"பேரு?"

"எம் மவ அப்பா."

"அது பேரில்ல."

"பால் என்ன நெறம் டிரெசரே? அந்த நெறத்துல ஆரம்பிக்கும்."

அவள் புருசன் பெயர் வெள்ளையன். அந்தக் காரணத்தால் அவள் வெள்ளை என்ற சொல்லையே விட்டுப் பல வருசம் ஆகியிருந்தது. வெள்ளைச் சேலையைக்கூட 'பால் சேலை' என்றுதான் சொல்வாள். லாரி மேலிருந்த வெள்ளையன், "சொல்லித் தொலையேன் புள்ள, நான் ஒண்ணும் செத்துப்போவ மாட்டேன்!" என்றான்.

"நீ செத்தா அந்த டிரெசரா எனக்குக் கஞ்சி ஊத்தப்போறாரு?"

"முருகா முருகான்னு சொல்றோம், அது போதாதா?" என்றாள் இன்னொருத்தி.

"அத ராத்திரியே வாயில தண்ணி வச்சுப் பழகியிருப்பீங்க" என்றார் டிரெசர். "புருசன் பேரத்தான் எவளும் பழகியிருக்க முடியாது."

யோசித்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாத வாதம். அதுதான் எங்களுக்கு மேலும் எரிச்சலாக இருந்தது.

காதர் பாய் ஹாரனை அமுக்கினார். "டிரெசர், சப்பாட் லா, சீக்கிரம்! ரயில் என் மச்சானா, காத்துக்கிட்டு நிக்க?"

நான் கீழே இறங்கினேன். "டிரெசரே, மரகதத்தோட தங்கச்சிக்கு நாளைக்குக் கலியாணம். ரயில் போயிடும். என் பேரு ஒங்களுக்கே தெரியும். வேணும்னா நானே சொல்றேன்."

"மருந்து அம்மா வாயில, பேரு ஒங்க வாயிலயா? நல்லா இருக்கு நியாயம்."

மரகதத்தைப் பார்த்தேன். ஒரு கையில் பூக்கூடை. தங்கைக்கு வைக்க ஈர வாழைமட்டையில் சுற்றிய முல்லை. அவள் வாயைத் திறந்தாள். என் பெயரைச் சொல்லிவிடுவாள் என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்லட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். அவள் கூடையை என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் போனாள்.

"டிரெசரய்யா, நீங்க குடிச்சீங்களா?"

"நானா?"

"நாங்க யாரும் பாத்ததில்லையே. நீங்க குடிங்க. நாக்க நீட்டுங்க. நாங்க இதுவரைக்கும் கேக்காத ஒரு பேரச் சொல்லுங்க. அப்புறம் நானும் சொல்றேன்."

லாரி மொத்தமும் கை தட்டியது. "அப்படிக் கேளுங்க கிராணியம்மா!" என்று ராமாயி கத்தினாள். "பொண்டாட்டி பேரச் சொல்லச் சொல்லுங்க. இருந்தாத்தான சொல்றதுக்கு! செடிக்குக் கட்டிவச்ச மனுசன்!"

டிரெசர் குவளையைப் பார்த்தார். விளிம்பு தட்ட மொண்டார். ஒரே மூச்சில் குடித்தார். ராமாயி எட்டிப்போய் அவர் வாய்க்குள் பார்த்தாள். கன்னத்தின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவரைவிடக் கறாராகப் பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சொட்டு இல்லை.

"பொன்னுத்தாயி" என்றார் டிரெசர்.

"அது யாரு?" என்றாள் ராமாயி.

"என் வீட்டுக்காரி."

"எங்க இருக்காங்க?"

"இல்ல. முந்தின தோட்டத்துலயே போயிட்டா. காய்ச்சல்." குவளையை வாளிக்குள் போட்டார். "தெனமும் நாந்தான் ஊத்திக் குடுப்பேன். வாங்கிக்கிட்டு ஜன்னலுகிட்ட போயி நிப்பா. செடியப் பாக்குறாளாக்கும்னு இருந்தேன். எல்லாத்தையும் அந்தச் செடிக்குத்தான் துப்பியிருக்கா. அவ போனப்புறம் அந்த மண்ண நாக்குல வச்சப்பத்தான் தெரிஞ்சுது, அவ்வளவு கசப்பு. ஊரு முழுக்க வாயத் தொறக்கச் சொல்ற டிரெசரு, வீட்ல கேக்கல. நம்பிட்டேன் லா."

காதர் பாய் என்ஜினை நிறுத்தினார். அதற்கு அவசியமே இல்லை, ஆனாலும் நிறுத்தினார். ராமாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு லாரிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மரகதம் வாளிக்குள்ளிருந்து குவளையைத் தானே எடுத்தாள். மொண்டு குடித்தாள். முகம் கோணிற்று. நாக்கை நன்றாக வெளியே நீட்டினாள். பிறகு ஒவ்வோர் எழுத்தும் கேட்கும்படி, "பொன்னுத்தாயி" என்றாள்.

டிரெசர் நிமிர்ந்து பார்த்தார்.

"இந்தப் பேர யாரும் பழகிட்டு வரல டிரெசரய்யா. இப்பத்தான கேட்டோம்."

அவர் அவள் கன்னத்தைப் பார்த்தார். தொண்டையைப் பார்த்தார். சந்தேகப்பட இடம் தேடினார், கிடைக்கவில்லை.

"ஏறுங்கம்மா" என்றார். வாளியை நகர்த்தி வழி விட்டார்.

அடுத்தது ராமாயி. இன்னொரு தடவை குடிக்க வேண்டியதில்லை என்று அவரே சொல்லியும் கேட்காமல் குடித்தாள். "பொன்னுத்தாயி!" என்று வேலி வரைக்கும் கேட்கச் சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருத்தியாக அதையே சொல்லி ஏறினார்கள். கடைசியில் அம்மு. அவள் வாயைத் திறந்த திறப்பில் உள்நாக்குத் தெரிந்தது.

"போலாம்" என்று டிரெசர் கையை ஆட்டினார்.

ரயிலை ஓடிப்போய்த்தான் பிடித்தோம். மறுநாள் விடியற்காலை மரகதம் தன் தங்கைக்குத் தலை பின்னி முல்லை வைத்தாள். வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள நாக்கப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். காரணம் சொல்லாமல் ஒரு மாப்பிள்ளையை நாக்கு நீட்ட வைப்பது எவ்வளவு சிரமம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன். நல்ல சிவப்பு நாக்கு. குறையில்லை.

விடுமுறை முடிந்து திரும்பியபின் முதல் பெரட்டு. மரங்களில் துளிர் முற்றிப் பச்சையாகியிருந்தது. டிரெசர் வாளியோடு வந்து, வரிசைக்கு முன்னால் நின்று, முதல் குவளையைத் தானே குடித்து நாக்கை நீட்டிக் காட்டினார். பிறகு ஆட்களுக்குக் கொடுக்கத் தொடங்கினார். புருசன் பெயரை அவர் கேட்கவில்லை. எந்தப் பெயரையும் கேட்கவில்லை. பெண்கள் தாங்களாகவே குடித்து, நாக்கை நீட்டி, ஒருத்தி பின் ஒருத்தியாக 'பொன்னுத்தாயி' என்று சொல்லிவிட்டு வெட்டுக்குப் போனார்கள்.

மறுநாளும் சொன்னார்கள். அந்த மாதம் முழுவதும், அதற்கடுத்த துளிர்க் காலத்திலும் சொன்னார்கள். நான் அந்தத் தோட்டத்தை விட்டு வரும்வரை அது நிற்கவில்லை. செம்பருத்தியை அவர் டின்னிலிருந்து எடுத்து மருந்து அறை வாசலில் நட்டார். அது பூத்தது, அப்போதும் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்தப் பெயர் எல்லாருக்கும் நன்றாகப் பழகிவிட்டது. வாயில் மருந்தை வைத்துக்கொண்டே சொல்லிவிடக்கூடிய அளவுக்குப் பழகிவிட்டது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒரு பெயரைச் சொன்னவர்களை மட்டும் எங்கள் நாக்கு டிரெசர் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.