மல்வேர்ன் மரவள்ளி

"செப்டெம்பர் 9, செவ்வாய். இன்று ஒரு சிறிய தவறு செய்துவிட்டேன். அருள்மலர் அன்ரி கேட்ட கேள்விக்கு 'ஓம்' என்று சொன்னேன். 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும்."

எழுதி முடித்த ரஜிதன் 'சிறிய' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். வெட்டலாமா? எதற்கெடுத்தாலும் தன்னைச் சந்தேகிக்கும் பழக்கத்தை இன்றாவது விடுவோம் என்று அப்படியே விட்டுவிட்டான். அந்த மாதத்தில் அவன் தன்னைச் சந்தேகிக்காமல் விட்ட இடம் அது ஒன்றுதான். அதுவும் பிழையாகிப்போனது.

நடந்தது இதுதான். மல்வேர்னில் யேசுரட்ணம் அங்கிள் வீட்டு பேஸ்மென்டில் அவன் வாடகைக்கு இருந்தான். உடுப்புத் தோய்க்கும் மெஷினும் அங்கேதான் நின்றது. அங்கிளின் மனைவி அருள்மலர் அன்ரி கூடையோடு இறங்கி வந்தபோது, அவன் கட்டித் தொங்கவிட்டிருந்த திரைச்சீலை விலகிக் கிடந்தது. விளக்கு வெளிச்சத்தில் நான்கு சட்டிகள். நான்கிலும் விரல் விரலாக விரிந்த இலைகள்.

"உதென்ன தம்பி, மரவள்ளியே?"

"ஓம் அன்ரி."

அது கஞ்சா. இந்த நாட்டில் அதை வீட்டில் வளர்க்கச் சட்டம் அனுமதித்திருந்தது. அருள்மலர் அன்ரி அனுமதிப்பாரா என்பதைச் சட்டத்தில் எழுதவில்லை.

இத்தனைக்கும் ரஜிதன் புகைப்பவன் அல்லன். சாம்பிராணிப் புகைக்கே அவனுக்குக் கண்ணீர் வரும். பேக்கரியில் கூட வேலை செய்யும் ஜஸ்ரின், பிறந்தநாள் பரிசாக நான்கு விதைகளைத் தந்து, "மச்சான், நீயும் ஒருக்கா மனுசனாகப் பார்" என்று சொல்லியிருந்தான். விளையாட்டாக ஈரக் கடதாசியில் மடித்து வைத்தான். நான்கும் முளைத்துவிட்டன. முளைத்ததை எறிய மனம் வரவில்லை. வளர்ப்பதென்றால் முறையாக வளர்க்க வேண்டும் என்று, செவ்வாயும் வியாழனும் மண்ணும் செடியும் பற்றிய மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்து, குறிப்பெழுத ஒரு கொப்பியும் வாங்கிவிட்டான்.

பயம் யேசுரட்ணம் அங்கிளை நினைத்துத்தான். கோயில் சபையில் மூப்பர். பேச்சுக் குறைவு. ஒழுங்கு அதிகம். முன்பு இருந்த வாடகைக்காரரை, தயிர் டப்பாவைக் கழுவாமல் மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியில் போட்டதற்காக அனுப்பியவர் என்று கேள்வி. ஜன்னல் உள்ள பேஸ்மென்ட், வாசலில் பஸ், நல்ல மனுசர். இந்த அறை போனால் இப்படி ஒன்று கிடைக்காது என்பது ரஜிதனுக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த கிழமை கீழ் இலைகள் மஞ்சளாகத் தொடங்கின.

வகுப்பு முடிந்ததும் ஆசிரியை ஷரோனிடம் போய், செடியின் இலை மஞ்சளாவதைச் சொன்னான். ஷரோன் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"என்ன கண்டு?" என்று கேட்டாள்.

சொல்ல வாயெடுத்தான். பின்னால் இரண்டு தமிழ் அன்ரிமார் நின்றார்கள்.

"தக்காளி."

"ஓகே. கீழ் இலைதானே ஃபர்ஸ்ட் மஞ்சளாகுது? அப்ப நைட்ரஜன் காணாது. ஃபோட்டோ இருக்கா?"

"போன் உடைஞ்சுபோச்சு."

அவன் காற்சட்டைப் பைக்குள் போன் அடித்தது. ஷரோன் பையைப் பார்த்தாள். அவனும் பார்த்தான், யாருடைய பையோ போல.

"உரம் போடுங்கோ. கொஞ்சமா," என்றாள் அவள்.

கொஞ்சமாகத்தான் போட்டான். ஆனால் அதே நாள் பகலில் அன்ரி இறங்கி வந்து, மரவள்ளி வாடுவதைக் கண்டு மனம் பொறுக்காமல், விளைமீன் கழுவிய தண்ணீரை நான்கு சட்டிக்கும் ஊற்றிவிட்டுப் போயிருந்தார். மூன்றாம் நாள் இலை நுனிகள் கருகிச் சுருண்டன. பட்டினி கிடந்த செடிக்கு இரண்டு கலியாணச் சாப்பாடு ஒரே நாளில்.

"அன்ரி, மீன்தண்ணி வேண்டாமே."

"ஏன் தம்பி? மன்னாரில நாங்கள் உதைத்தான் ஊத்துறனாங்கள். கிழங்கு ஒவ்வொண்டும் உம்மட கையளவு!"

மேலும் மறுக்க அவனால் முடியவில்லை. காரணம், செடிகள் மணக்கத் தொடங்கியிருந்தன. மீன் நாற்றம் ஒன்றுதான் அந்த மணத்தை மூடி மறைத்தது. கொப்பியில் எழுதினான்: "மீன்தண்ணி: செடிக்குக் கெடுதல். எனக்கு நன்மை. தொடரலாம்."

மண் சரியில்லை என்று அடுத்து முடிவு செய்தான். தோட்டச் சாமான் கடையில், அங்கே வேலை செய்யும் வாகீசன் அண்ணை நின்றார். தமிழர் நிற்கிறாரே என்று திரும்பிப் போகப் பார்த்தான். அதற்குள் அவர் கண்டுவிட்டார்.

"வாரும் தம்பி! என்ன கண்டுக்கு மண்?"

"மிளகாய்."

"உறைப்பு மிளகாயோ, கறிமிளகாயோ?"

பொய்யிலும் சாதி இருக்கும் என்று ரஜிதன் யோசித்திருக்கவில்லை. "நடுத்தரம்," என்றான்.

"சட்டியிலயோ, நிலத்திலயோ?"

சட்டி என்றால் வீட்டுக்குள் என்று அர்த்தம். வீட்டுக்குள் என்றால் விளக்கு. விளக்கு என்றால்... "நிலத்தில, அண்ணை."

"அப்ப உந்தக் கறுப்பு மண்ணைக் கொண்டுபோம். பாரமான, நல்ல மண். நிலத்துக்கு அந்த மாதிரி."

நிலத்துக்கு அந்த மாதிரியான மண் சட்டிக்குள் சீமெந்தானது. ஊற்றிய தண்ணீர் மேலேயே குளமாக நின்று அவன் முகத்தைக் காட்டியது. வேர் மூச்சு முட்டிச் செடிகள் தலை தொங்கின. மூன்று பேரும் சரியாகத்தான் சொன்னார்கள். அவர்கள் மனதில் இருந்த செடிதான் அவனிடம் இல்லை.

வகுப்புக் குறிப்பை எடுத்துப் படித்தான். சட்டிக்கு வேண்டியது இலேசான மண். தண்ணீர் வடிய, வேர் மூச்சுவிட, வெள்ளை வெள்ளையாகப் பொரிந்த பெர்லைட் மணிகள் கலக்க வேண்டும். மறுபடி பிடுங்கி, மறுபடி நட்டான். ஒரு கிழமைக்குள் இரண்டு தரம் வீடு மாறினால் மனிதருக்கே முகம் மஞ்சளாகும்.

அன்ரி குனிந்து பார்த்தார்.

"ஐயோ தம்பி, மண்ணுக்குள்ள ஏன் சவ்வரிசி போட்டிருக்கிறீர்?"

"அது சவ்வரிசி இல்லை அன்ரி. கல்லு."

"பாயாசம் காய்ச்சிற சாமான். ஒருத்தரும் சொல்லித்தராட்டி பிள்ளையளுக்கு எப்பிடித் தெரியும்," என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு ஏறிப்போனார்.

அன்று மாலை யேசுரட்ணம் அங்கிள் வழக்கம் போல் தண்ணீர் சூடாக்கும் தாங்கியைப் பார்க்க இறங்கி வந்தார். திரைச்சீலைப் பக்கம் நின்றார்.

"என்ன மாதிரி, வளருதோ?"

"மஞ்சளாகுது அங்கிள். என்ன செய்தும் சரிவருதில்லை."

"ம்ம்," என்றார் அங்கிள். அந்த வருடத்தில் முதல் தடவையாக மெல்லச் சிரித்தார்.

"அங்கிள் ஆறுதலாகச் சிரித்தார்," என்று கொப்பியில் ஏறியது.

இலையின் நரம்பு பச்சையாகவும் இடைவெளி மஞ்சளாகவும் மாறியபோது மக்னீசியம் கொடுத்தான். உச்சி இலை வெளிறியபோது தண்ணீரின் புளிப்பைச் சோதித்தான். வகுப்பில் படிப்பித்த அத்தனை நோயும் அந்த நான்கு செடிகளிலும் வரிசை தப்பாமல் வந்தன. பரீட்சைக்கு இதைவிட நல்ல ஆயத்தம் கிடையாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

இப்படியிருக்க, செப்டெம்பர் கடைசியில் அன்ரி படியில் நின்று கூப்பிட்டார்.

"தம்பி! உது இனி நிண்டு பிடிக்காது. சாக முந்திக் கிழங்கைக் கிண்டுவம். சனிக்கிழமை செபக்கூட்டத்துப் பொம்பிளையளுக்குச் சொல்லிப்போட்டன். எட்டுப்பேர். கிழங்கு அவிச்சு, கட்டைச்சம்பலோட சாப்பாடு!"

"அன்ரி, சின்னச் சட்டி. கிழங்கு வைச்சிருக்காது."

"மீன்தண்ணி ஊத்தினது நான். வைக்கும்!"

ரஜிதன் அன்றிரவு கொப்பியைத் திறந்து இரண்டு வழிகளை எழுதினான். ஒன்று, உண்மையைச் சொல்வது. இரண்டு, மரவள்ளி வைப்பது. முதலாவதற்கு அறை போகும். இரண்டாவதற்கு பஸ்ஸில் நான்கு நிறுத்தம் போனால் போதும்.

தமிழ்க் கடையில் எட்டுக் கிழங்கு வாங்கி வந்தான். வெள்ளி மாலை, சட்டிக்கு இரண்டாக, வேரை விலக்கிப் புதைத்தான். புதைத்து முடித்தபோது நான்கு செடிகளிலும் பச்சை என்று சொல்ல ஒன்றுமில்லை. வேர் அறுந்த சத்தம் தன் காதுக்கே கேட்டதாக எழுதினான். பிறகு, "மிகைப்படுத்தல்" என்று பக்கத்தில் குறித்தான்.

ஒக்டோபர் நான்காம் தேதி, சனி. மேலே தேங்காய் துருவும் சத்தமும் பெண்களின் சிரிப்பும் கேட்டன. அன்ரி கத்தியும் ஓலைக் கடகமுமாக வருவார் என்று பார்த்தால், சிறு மண்வெட்டியும் கடகமுமாக அங்கிள் இறங்கி வந்தார்.

"அவ அடுப்படியில நிக்கிறா. என்னைக் கிண்டட்டாம்."

முதற் சட்டியைக் கிண்டினார். ஒரு கிழங்கைத் தூக்கினார். கடையில் பழுதாகாமல் இருக்கப் பூசும் மெழுகு விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தது. திருப்பினார். பக்கத்தில் விளைந்த நாட்டின் பெயரோடு ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

அங்கிள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். "கொஸ்தாரிக்கா."

மேலேயிருந்து அன்ரியின் குரல்: "என்னப்பா, கிழங்கு இருக்கே?"

"இருக்கு, இருக்கு," என்று அங்கிள் மேலே பார்த்துச் சொன்னார். "கழுவியே வைச்சிருக்கு."

ரஜிதன் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அங்கிள், நான் பொய் சொன்னனான். உது மரவள்ளி இல்லை. கஞ்சா."

முதல் தடவையாக அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்தது. மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கிள் எட்டுக் கிழங்கையும் ஒவ்வொன்றாக எடுத்து, ஸ்டிக்கரை உரித்துக் கடகத்தில் போட்டார். ஸ்டிக்கர்களை நீலத் தொட்டியா மற்றத் தொட்டியா என்று ஒரு கணம் யோசித்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நான் எப்ப அறையை விட வேணும்?"

"அறையை ஏன் விடப்போறீர்? நாளைக்குப் பூசை முடிஞ்சு பத்தரைக்கு நான் வாறன். நாலையும் பிடுங்கி, மண்ணை வேற, இலையை வேற போடுவம்."

ரஜிதன் கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டான்: "நாளை, ஞாயிறு, பத்தரை மணி. நான்கையும் பிடுங்குவது. மண் வேறு, இலை வேறு."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அங்கிள். கோயில் மனுசர் இருக்கிற வீட்டில கஞ்சா வைச்சது பெரிய பிழை."

"கஞ்சா வைச்சது பிழையில்லை, தம்பி," என்றார் யேசுரட்ணம் அங்கிள், கடகத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி. "ஒரு வீட்டுக்கு நாலு கண்டுதான் சட்டம். என்ர நாலும் முந்தியே கராஜுக்குப் பின்னால நிக்குது. உமக்கு அதை என்னெண்டு வாயால சொல்லுறது? அதுதான் ஒரு மாதமா உம்மட கண்டுகளுக்கு உப்புத்தண்ணி ஊத்தினனான்."