எல்லாருக்கும் மூத்த வஞ்சிரம்

மாணிக்கவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் வீட்டுச் சுற்றுச்சுவரில் பிளீச்சிங் பவுடரை வாரி இறைத்தார். விடிவதற்குள் எவனோ மறுபடியும் சுவரை நனைத்துவிட்டுப் போயிருந்தான்.

"ஞாயித்துக்கெழமை பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்கப்பா," என்றான் மகன் மதியழகன், மூக்கைப் பொத்திக்கொண்டு. "இந்த நாத்தத்துல எப்படி உள்ள கூப்புடறது?"

"என்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? தெனம் வந்து நின்னு நனைக்கறான் பாரு, அவன்கிட்ட சொல்லு."

தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்று ராஜகீழ்ப்பாக்கத்தில் எழுப்பிய வீடு அது. செங்கல்லுக்குச் செங்கல் செதில் ஒட்டியிருக்கிறது என்பார். ஆனால் பெண்ணின் அப்பா ஜெயவேலு, சிட்லபாக்கத்துப் பெரிய ஆபீசர். அதனால் மதியழகன் அங்கே அப்பாவுக்குக் 'கடல் பொருள் ஏற்றுமதி' என்று சொல்லிவைத்திருந்தான். ஜெயவேலுவின் தாத்தாவும் வலை இழுத்தவர்தான். அதை அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை.

சுவரைக் காக்க மாணிக்கவேல் ஏற்கெனவே என்னென்னவோ செய்து பார்த்துவிட்டார். முதலில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதினார். இடம் தேடி அலைந்தவனுக்கெல்லாம் அது வழி காட்டியது.

பிறகு முருகன் படம் போட்ட டைல்ஸ் பதித்தார். மறுநாளே கற்பூரம் ஏற்றினார்கள். அடுத்த நாள் தேங்காய் உடைத்ததில் சுவர் விரிசல் விட்டது. ஒருவன் உண்டியலோடு வந்து, "தர்மகர்த்தா யாருங்க?" என்று கேட்டான். டைல்ஸைப் பெயர்த்துக் குன்றத்தூர் மலையடிவாரத்தில் சேர்த்துவிட்டு வந்தார். நாற்றமும் திரும்பி வந்தது.

பவுடர் நெடிக்கு எட்டிப் பார்த்தார் பக்கத்து வீட்டு அமலராணி, சயின்ஸ் டீச்சராக இருந்து ரிடையர் ஆனவர். "அண்ணா, சாமியும் வேணாம், கட்சியும் வேணாம். பூமி பொறந்த கதையை வரைங்க. நெருப்பு, கடல், மீன், டைனோசர், குரங்கு, மனுஷன். யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

"நீ பாத்தியாம்மா?" படித்தவர்கள் பேச்சை லேசில் நம்புகிற ஆள் இல்லை மாணிக்கவேல்.

"பாறையில அச்சு கெடக்குதுண்ணா, கோடிக்கணக்கான வருஷமா. மீன்ல ஒரு வகைதான் தரைக்கு ஏறி வந்துச்சு. அதுலேர்ந்துதான் பல்லி, பறவை, நாம எல்லாம்."

பவுடர் இறைத்த கை நின்றது. "இரு இரு. நமக்கெல்லாம் மூத்தது மீனா?"

"ஆமாண்ணா."

"ஆபீசருங்களுக்குமா?"

"எல்லாருக்கும்."

அதுவரை டீச்சர் சொன்ன எதையும் அவர் இவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை.

பெயின்டர் வந்தார். மாணிக்கவேல் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"வஞ்சிரமா போடு. இன்னும் பெர்சா."

"அண்ணா, அது வஞ்சிரம் இல்ல, வேற ஆதி மீன்," என்றார் டீச்சர்.

"எனக்கு மீன் சொல்லித்தராதம்மா."

"சார், அடுத்தது டைனோசர் வரணும்," என்றார் பெயின்டர்.

"செத்துப்போன ஜென்மம் ஓரமா நிக்கட்டும். மீனுக்குக் கண்ண நல்லா பெர்சா வை. பாக்கறவன் ஆடிப்போவணும்."

வஞ்சிரம் சுவரையே அடைத்துக்கொண்டது. டைனோசர் பூனை அளவுக்குச் சுருங்கியது. குரங்கு கேட்டுக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது.

"மனுஷன் எங்கப்பா?" என்றான் மதியழகன்.

"தெருவுல இத்தினி பேர் போறானே, போதாதா?"

அன்றிலிருந்து சுவர் காய்ந்தே கிடந்தது. ஆனால் காலையில் பையோடு ஆட்கள் கூடினார்கள்.

"வஞ்சிரம் இன்னா வெல?"

"இங்க மீன் கெடையாதுய்யா! இது சரித்திரம்!"

மதியழகன் தலையில் கை வைத்துக்கொண்டான். "ஏற்றுமதின்னு சொல்லியிருக்கேன்பா. மானம் போயிடும். வெள்ளையடிச்சிடுங்க."

"என் பாட்டன் மேல சுண்ணாம்பு அடிக்கச் சொல்றியா?"

ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றது. பூவும் பழமுமாகப் பெண்ணின் அம்மா மஹாலட்சுமி இறங்கினார். பின்னால் இறங்கிய ஜெயவேலு, சுவரைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முகம் வெளிறியது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.

"இது... உங்க வீடா?"

"இதேதான். உள்ள வாங்க."

"இல்ல, இன்னொரு நாள் வர்றோமே..."

"மாமா, அது சும்மா கம்பெனி லோகோ..." என்று மதியழகன் குறுக்கே ஓடினான்.

மாணிக்கவேல் அவனைக் கையால் தள்ளினார்.

"லோகோவும் இல்ல, ஏற்றுமதியும் இல்ல. நான் மார்க்கெட்டுல குந்தி மீன் வித்தவன். இந்த வூடு மீன் கட்டுன வூடு. இதப் பாத்தா உங்களுக்கு அசிங்கமா கீதா? நீங்களும் இதுகிட்டேர்ந்து வந்தவர்தான் சார், டீச்சரக் கேளுங்க! சம்பந்தம் போனா போவட்டும். என் பாட்டன மறைச்சு நான் பொண்ணு எடுக்கமாட்டேன்!"

தெருவே நின்று பார்த்தது. ஜெயவேலு தரையைப் பார்த்தார். "அதில்லீங்க... நான்..."

மஹாலட்சுமி வஞ்சிரத்தின் கண்ணை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, 'தெனமும் வாக்கிங் போறப்போ ஒதுங்குற செவுத்துல எவனோ பெரிய மீனை வரைஞ்சு வெச்சுட்டான், அது மொறைக்கிற மொறைப்புல ஒண்ணுமே வரமாட்டேங்குது'ன்னு பொலம்பிட்டிருந்தீங்களே, இந்தச் செவுருதானா?"