எண்ணெய் மணத்தில் பிடிபட்டேன்

நோயாளியைத் தொடாமல் விட்டதற்காகவே பெயர் எடுத்த எண்ணெய்ப் பரியாரி, அதாவது எண்ணெய் தடவி நோ மாற்றும் நாட்டு வைத்தியர், உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் கரிக்கோட்டார். தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு ஓடி ஸ்கந்தபுரத்தில் கொட்டில் போட்டவர்களில் அவரும் ஒருவர், நானும் ஒருவன்.

அவரது கொட்டிலுக்கு முன்னால் ஒரு பாலை மரம். கை தூக்க முடியாதவர் அதன் அருகே நின்று தூக்க வேண்டும். விரல் எட்டும் இடத்தில் கரியால் கோடு இழுத்துப் பெயர் எழுதுவார். முழங்கால் நோக்காரர் என்றால் கிணற்றடிவரை நடக்க விட்டு வாய்விட்டு எண்ணுவார். எல்லாம் ஒரு கொப்பியில் ஏறும். அதற்குப் பிறகுதான் கூத்து. பால்மாத் தகரப் பேணியை நீட்டிக் கண்ணை மூடி ஒரு கடதாசித் துண்டு எடுக்கச் சொல்வார். சிலதில் 'தடவு', சிலதில் 'தடவாதே'.

எனக்கு வலது தோள் இறுகிப்போயிருந்தது. மரத்தடிப் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவன் நான். கரும்பலகையின் கீழ்ப்பாதியில் மட்டுமே எழுத முடிந்தது. பின்னால் இருந்த பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. வேறு வாத்தியாரைத் தேடுவதாக அதிபர் சாடையாகச் சொல்லியும் விட்டார். என் கெட்ட காலம், 'தடவாதே' வந்தது.

"என்ன விசர்க் கதை இது? நோகுது எண்டுதானே வந்தனான்!"

"மாஸ்ரர், எல்லாரையும் தடவினா, என்ர கையால மாறினதோ, நாள் போக மாறினதோ எண்டு எப்பிடிப் பிடிக்கிறது? பரந்தன்ல நான் வேலை செய்த கெமிக்கல் பக்டரியில ஒரு போத்தலுக்கு மருந்து விட்டா, பக்கத்துப் போத்தலைச் சும்மா வைப்பினம். நீங்கள் அந்தச் சும்மாப் போத்தல்."

மூன்று கிழமை சும்மாப் போத்தலாக நின்று கையைத் தூக்கிக் காட்டினேன். கோடு ஒரு விரற்கடைகூட ஏறவில்லை. என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. எங்கேயோ கொஞ்சம் வேப்பெண்ணெய் தேடி எடுத்து நாலு நாள் தேய்த்துவிட்டாள். ஐந்தாம் நாள் பாலையடியில் நின்றேன். கரிக்கோட்டார் மூக்கைச் சுளித்தார்.

"ஆர் தடவினது?"

"மனிசிதான்..."

"ஐயோ மாஸ்ரர், என்ர மூண்டு கிழமையையும் நாசமாக்கிப் போட்டியளே!"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "உங்கட ஆராய்ச்சிக்கு நானே கிடைச்சனான்? என்ர வேலை போகப்போகுது!"

அவர் பேணியை மூடிவிட்டுக் குந்தினார்.

"என்ர மனிசிக்கு நாரி நோ, இடுப்பை நிமித்தேலாது. ஆறு மாதம் நான்தான் தடவினன். தடவினாச் சுகமாக் கிடக்கு எண்டு சொல்லுவா. நானும் என்ர கையை நம்பிப் போட்டன். வவுனியாவுக்குக் கொண்டு போகேக்க, பிந்திப் போச்சு எண்டு டொக்டர் சொன்னார். உள்ளுக்க கட்டி. என்ர கை என்ன செய்யும், என்ன செய்யாது எண்டு எனக்குத் தெரியோணும் மாஸ்ரர். இன்னொருத்தரை நான் பிந்த வைக்கேலாது."

தடவியும் கோடு ஏறாதவர்களை, வெளியே போகப் பாஸ் எடுத்து வவுனியா ஆஸ்பத்திரிக்குப் போங்கோ என்று அவர் ஏன் விரட்டினார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது.

"சரி, நீங்கள் இனிக் கணக்குக்கு உதவாத ஆள். சேட்டைக் கழட்டிப் போட்டு இருங்கோ" என்று என் தோளில் கை வைத்தார். ஒரு மாதம் நாள் தவறாமல் தடவினார். கோடு மெல்ல மெல்ல ஏறியது. மனைவியின் கையாலா, அவர் கையாலா, நாள் போனதாலா? கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அடுத்த இடப்பெயர்வில் அவர் முல்லைத்தீவுப் பக்கம் போனார். போகும்போது, "நீங்கள் கணக்கு வாத்தியார், முடிவைப் பாத்துச் சொல்லுங்கோ. உங்கட வரியை மட்டும் வெட்டிப் போடுங்கோ" என்று கொப்பியை என்னிடம் தந்தார். அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை.

என் பெயருக்கு நேரே எழுதியிருந்தது: 'எண்ணெய் மணம். கணக்கில் சேராது. ஆனாலும் இன்று பலகையின் உச்சியில் எழுதினார். வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். சந்தோசம்.'

அவர் கேட்டபடி மற்ற வரிகளை எல்லாம் கூட்டிக் கணக்குப் பார்த்து வைத்தேன். அந்த ஒரு வரியை வெட்ட மட்டும் எனக்குக் கை எழவில்லை.