வெண்கலம் கேட்டதும் கிணறு சொன்னதும்

மாமியாரை வீட்டுக்குள் விடுவதில்லை என்று வெண்கலம் முடிவு செய்தார். குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு, மனசுக்குள்தான் முடிவு செய்தார். மனைவிக்குக் காது அவ்வளவு கூர்மை.

வெண்கலம் என்பது பஸ் ஸ்டாண்டில் வைத்த பெயர். அங்கே அவர் அறிவிப்பாளர். அவர் மைக்கைப் பிடித்தால் தூங்குகிற டிரைவர்கூட எழுந்து ஸ்டியரிங்கைப் பிடிப்பார். அந்தக் குரல்தான் அவருக்குச் சோறு போட்டது. வீட்டுப் படி ஏறினால் மட்டும் அது கொசுவின் குரலாகிவிடும்.

மாமியார் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. அதிகம் பேசமாட்டார். மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்ப்பார், அவ்வளவுதான். அவர் எதிரில் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டால், பரீட்சையில் காப்பியடிக்கிறவன் மாதிரி வெண்கலம் சுற்றுமுற்றும் பார்ப்பார். தனியாக இருந்த அந்த அம்மாள் வழுக்கி விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தார்.

“அம்மாவ இனிமே தனியா விட முடியாதுங்க,” என்றாள் மனைவி.

“எனக்கு மட்டும் ஆசையில்லையா? வீட்டு ஓனர் ஒத்துக்க மாட்டேங்கறாரே!”

“கேட்டீங்களா?”

“கேட்டேனே. மூஞ்சியத் திருப்பிக்கிட்டார்.”

அவர் கேட்கவே இல்லை. மனைவி விடுவதாகவும் இல்லை. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

ஊருக்கு வெளியே, குன்றின் அடியில் ஒரு பழைய படிக்கிணறு. பதில் கிணறு என்பார்கள். உள்ளே இறங்கி மனசில் உள்ளதைக் கேட்டால் கிணறு பதில் சொல்லும் என்று எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வந்தார்கள். எல்லாம் எதிரொலி என்பது வெண்கலத்துக்குத் தெரியும். அவர் தொழிலே அதுதானே? கடைசி வார்த்தை எதுவோ அதுதான் திரும்பி வரும். ‘வரணுமா, வேண்டாமா’ என்று கேட்டுக் கடைசி எழுத்தைக் கொஞ்சம் விழுங்கினால் ‘வேண்டாம்... டாம்... டாம்’ என்று கிணறே அடித்துச் சொல்லிவிடும்.

“கிணத்தையே கேட்டுடுவோம். அது சொன்னா சொன்னதுதான். ரெண்டு பேரும் கட்டுப்படணும்.”

“நல்லாச் சொன்னீங்க. நாளைக்கே போலாம்,” என்றாள் மனைவி.

அவள் அவ்வளவு சுலபத்தில் ஒத்துக்கொண்டதுதான் அவருக்கு இடித்தது.

பஸ்ஸில் போகும்போது அவள் மெல்ல ஆரம்பித்தாள். “அந்தக் கிணத்துக்குள்ள ஒருத்தி இருக்காளாம். ஊமை. புருஷன் பொய் சொல்லிக் கூட்டிட்டு வந்து தள்ளிவிட்டுட்டானாம்.”

“ஊமை எப்படிடீ பதில் சொல்லுவா?”

“அங்கதாங்க விஷயமே. பொய் சொன்னவங்க யாராவது வந்து கேட்டா, அவங்க குரல எடுத்துக்குவாளாம். அத வச்சுத்தான் மத்தவங்களுக்குப் பதில் சொல்றாளாம்.”

வெண்கலம் சிரித்தார். சிரித்துக்கொண்டே தொண்டையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

“சும்மா கட்டுக்கதை.”

“கட்டுக்கதைதான். உங்களுக்கென்னங்க பயம்? நீங்கதான் ஓனர்கிட்ட நெஜமாவே கேட்டீங்களே.”

கிணற்று வாசலில் மெழுகுவர்த்தி விற்றவரிடம், தன் மனசைத் தேற்றிக்கொள்ள, “இந்தக் குரல் போற கதையெல்லாம் பொய்தானே?” என்று கேட்டார்.

“எனக்கென்ன சார் தெரியும்? ஒரு பாட்டுக்காரர் வந்தாரு. அருமையான சாரீரம். இறங்கும்போது பாடிக்கிட்டே போனாரு. ஏறும்போது கையாலதான் பேசினாரு.”

“இப்ப அவர் எங்கே?”

“அவர் எங்கயோ போயிட்டாரு. பாட்டுதான் அப்பப்ப உள்ளேருந்து கேக்குது.”

வெண்கலம் மனைவி பக்கம் திரும்பினார். “தலை சுத்துது, இன்னொரு நாள் வரலாமா?” என்றார். மனைவி தன் அம்மாவின் பார்வையை அப்படியே பார்த்தாள். அவர் இறங்கினார்.

உள்ளே போகப்போக வெளிச்சம் சுருங்கியது. படிகளில் பாசி. சுவரிலிருந்து ஜில்லென்று ஒரு மூச்சு பிடரியில் பட்டது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டே கடைசிப் படிக்குப் போய்க் குனிந்தார். கறுத்த தண்ணீரில் அவர் முகம் தெரிந்தது. கண் இருந்தது, மூக்கு இருந்தது. வாயைக் காணோம். வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு அழுகல் இலை மிதந்துகொண்டிருந்தது. இலைதான் என்று புத்திக்குத் தெரிந்தது. முழங்காலுக்குத் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டையே எழுப்புகிற குரலில் கேட்கத்தான் நினைத்தார்.

“அ... அத்தை வ... வரணுமா, வே...”

தண்ணீர் வராத குழாய் மாதிரி காற்றுதான் வந்தது. எதிரொலி இல்லை. கிணறு சும்மா இருந்தது.

பிறகு நாலு பக்கத்துச் சுவரும் சேர்ந்து, ஒரு வயதான பெண் குரலில், நிதானமாகச் சொன்னது: “வர்றேன்.”

வெண்கலம் அலறினார். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு, தவழ்ந்தும் தாவியும் மேலே வந்து மனைவியின் காலடியில் விழுந்தார். மைக்கும் இரைகிற பஸ்களும், தன் நாற்காலியில் வேறொருவன் உட்கார்ந்திருப்பதும் கண்ணுக்குள் வந்துபோயின. அழுகை முட்டியது. அதற்கும் சத்தமில்லை.

மனைவி குனிந்தாள். “ஓனர்கிட்ட கேட்டீங்களா?”

இல்லை என்று தலையாட்டினார். கையெடுத்துக் கும்பிட்டார்.

“நான் கேட்டேங்க. தாராளமா வரட்டும்னு சொல்லிட்டார்.”

அதே சமயம் கிணற்றுக்குள்ளிருந்து காலடிச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு படியாக ஏறி வந்தது. வெண்கலம் மனைவியின் பின்னால் ஒளிந்துகொண்டார். முதலில் ஒரு மூக்குக்கண்ணாடி தெரிந்தது. அப்புறம் கட்டுப் போட்ட கை. அப்புறம் மாமியார் முழுசாக.

“பாதிப் படியில ஒரு மாடம் இருக்கு, குளுகுளுன்னு. அங்கதான் உங்களுக்காக உக்காந்திருந்தேன். என்னைத் தாண்டித்தான் போனீங்க, பாக்கவே இல்ல,” என்றார். “வரணுமான்னு கேட்டீங்க, வர்றேன்னேன். அதுக்கு ஏன் மாப்பிள்ளை ஓடறீங்க?”

“தம்பி காலையிலயே அம்மாவக் கொண்டாந்து விட்டுட்டான். பெட்டி அதோ இருக்கு,” என்றாள் மனைவி.

மாமியார் அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். “பயத்துல அடைச்சுக்கிட்டிருக்கு. தானா சரியாயிடும்.”

வெண்கலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். பஸ் நிறுத்தத்தில் மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

“அம்மா நம்மகூட இருக்கறதுல உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை இருந்தா, இப்பவே அவங்க எதிர்ல சொல்லிடுங்க. பின்னால சொல்லக் கூடாது.”

அவர் பெட்டியைக் கீழே வைத்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார். வாயை அகலமாகத் திறந்தார். காற்று வந்தது.

“பாத்தியாம்மா?” என்றாள் மனைவி. “ஒரு வார்த்தை மறுத்துப் பேசறாரா பாரு. தங்கமான மனுஷர்!”