சில்லண்ணை பீலெஃபெல்ட் போன நாள்

உலகத்து மனிதர்களைச் சில்லண்ணை இரண்டே வகையாகப் பிரித்து வைத்திருந்தார்: பனிக்கால டயர் மாற்றியவர்கள், இன்னும் மாற்றாதவர்கள். முதல் வகைக்குத் தேநீர் கொடுப்பார். இரண்டாம் வகைக்கு ராத்திரித் தூக்கம் கெடும்படி ஏதாவது சொல்லி அனுப்புவார். யாழ்ப்பாணத் தமிழில் சக்கரத்துக்குச் சில்லு என்று பெயர். பிராங்பேர்ட் பக்கத்துத் தமிழர்களிடம் "சில்லண்ணை" என்றால் போதும், கைக்குழந்தைகூட அவர் வேலை பார்த்த டயர் பட்டறை இருக்கும் திசையைக் காட்டும். அவருடைய சொந்தப் பெயரைக் கேட்காமலே விட்டதற்கு இன்று என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

இரண்டாயிரங்களின் கடைசியில், ஒரு வங்கிக்கு மென்பொருள் எழுதக் கோயம்புத்தூரிலிருந்து அங்கே போனவள் நான். போன எட்டாவது மாதம் பழைய கார் ஒன்று வாங்கினேன். செக்கச் சிவப்பு. இரண்டே கதவு. ஏறி உட்கார்ந்தால் பந்தியில் சம்மணம் போட்ட மாதிரி தரையோடு தரையாக இருக்கும்; முடுக்கினால் மட்டும் பெரிய கார்களெல்லாம் ஒதுங்கி வழிவிடும். முன்பு வைத்திருந்தவர் ஆசைப்பட்டுப் பதினேழு அங்குல அலாய் வீல் போட்டிருந்தார். உண்மையைச் சொன்னால், நான் அந்த வீல்களைத்தான் வாங்கினேன். கார் கூட வந்தது.

நவம்பரில் முதல் பனி விழுந்த காலை, எங்கள் குடியிருப்பின் சரிவில் பிரேக்கை மிதித்தேன். கார் என்னைக் கலந்து ஆலோசிக்காமல் கீழே இறங்கிப் போய், நான்கு குப்பைத் தொட்டிகளையும் ஒவ்வொன்றாக முட்டிவிட்டு நின்றது. மேல்வீட்டு வதனி அக்கா ஜன்னலைத் திறந்தார்.

"இன்னும் சம்மர் ரயரோ? சில்லண்ணைக்குத் தெரிஞ்சால் உம்மைக் கொல்லுவார். உடன டெர்மின் எடுத்து நேரம் குறிச்சுக்கொண்டு போம்!"

போனேன். ஒல்லியான, நாற்பதை ஒட்டிய மனிதர் வெளியே வந்தார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தெர்மாமீட்டர். என்னை அவர் பார்க்கவில்லை. காரைப் பார்த்தார். அளவுக்கு மீறியே பார்த்தார். பிறகு குனிந்து, தேய்மானம் பார்க்க டயரின் பள்ளத்தில் ஒரு யூரோ நாணயத்தைச் செருகினார்.

"தங்கச்சி, இந்தச் சில்லோட இஞ்ச வரைக்கும் வந்தனீங்களோ?"

"ஆமாங்கண்ணா."

"தனியவோ?"

"ஆமாங்க."

"கடவுள் பின் சீற்றில இருந்திருக்கிறார்."

எனக்கு வேண்டியதைச் சொன்னேன். இதே மாதிரிப் பதினேழு அங்குல அலாய், இதே பளபளப்பு, அதில் பனிக்கால டயர். சில்லண்ணை பொறுமையாகக் கேட்டுவிட்டு உள்ளே போய், கன்னங்கரேலென்று ஒரு இரும்பு வீலை உருட்டிக்கொண்டு வந்தார். பதினைந்து அங்குலம். ஒடுக்கமான டயர்.

"ஐயோ, இது தோசைக்கல் மாதிரி இருக்குங்கண்ணா."

"பனிக்குள்ள அகலச் சில்லு மேல மிதக்கும். ஒடுக்கம்தான் வெட்டிக்கொண்டு கீழ இறங்கிப் பிடிக்கும். பனி உருக வீதிக்கு உப்புப் போடுவினம், உங்கட அலாயை அது தின்னும். இரும்பு பேசாமல் இருக்கும்."

"இன்னும் சின்னதா, பதினாலு போட்டா விலை குறையுமில்லீங்களா?"

"போடலாம். ஓட ஏலாது. உங்கட காருக்குப் பிரேக் பெரிசு, பதினாலுக்குள்ள அடங்காது." பிறகு குரலை இறக்கி, "அழகு பாக்கிறதெண்டால் வைகாசியில வாங்கோ. இப்ப வீடு போய்ச் சேருற வழியைப் பாப்பம்" என்றார்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் படிக்கவும் அன்றே கற்றுக்கொடுத்தார். முதல் இரண்டும் தயாரித்த வாரம், அடுத்த இரண்டும் வருடம். எட்டு வருடத்துக்கு மேல் போனால் ரப்பர் செத்துவிடும். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் குப்பைக்குத்தான். இதில் அவரிடம் இரக்கமே கிடையாது. பேராசிரியர் ஒருவர் பழைய டயரோடு மூன்று முறை வந்து மூன்று முறையும் திருப்பி அனுப்பப்பட்டாராம். முதலாளி ஏன் இவரை வைத்திருக்கிறார் என்று கேட்டால், அந்தப் பேராசிரியர் நான்காம் முறையும் இவரைத் தேடித்தான் வந்தார் என்பதுதான் பதில்.

கோயில் திருவிழாவுக்குப் போனால் எல்லாரும் சாமியைச் சுற்றுவார்கள். சில்லண்ணை கார் நிறுத்துமிடத்தைச் சுற்றுவார். திரும்பி வருகிறவர்களின் கார்க் கண்ணாடியில் துண்டுக் காகிதம் செருகியிருக்கும்: 'பின் இடது சில்லு சரியில்லை. மெல்லப் போங்கோ.' கொலோனில் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டி முடிந்ததும் மைக்கை வாங்கி ஒரு கார் எண்ணைப் படித்தார். யாரோ வழியை மறித்து நிறுத்தியிருக்கிறார்கள் என்று சபை திரும்பிப் பார்த்தது. மாப்பிள்ளை மணவறையிலிருந்து எழுந்து, "அது என்ர கார், அண்ணை" என்றான். "அதுக்கு இன்னும் சம்மர் ரயர். வெளியில ஸ்னோ கொட்டுது" என்றார் சில்லண்ணை. பெண்ணின் அப்பா காரைத் தொடவே விடவில்லை. மணமக்கள் மாலையும் கழுத்துமாக ரயிலில் வீடு போனார்கள்.

என் விஷயத்துக்கு வருகிறேன். கடைசியில் அந்தத் தோசைக்கல் வீல்களைத்தான் மாட்டிக்கொண்டேன். வீல் மாற்றினால் ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பிறகு ஆணிகளை மறுபடி இறுக்க வேண்டும். நான் போகவில்லை; வேலை. ஒரு வாரம் கழித்து வங்கியின் காவலாளி என் மேசைக்குப் போன் செய்தார். நிலத்தடி நிறுத்துமிடத்தில் ஒருவர், முழங்கை நீள இரும்புக் கருவியோடு, என் காருக்குப் பக்கத்தில் முழங்காலிட்டிருக்கிறாராம். ஓடினேன். இரண்டு காவலாளிகளுக்கு நடுவில், சில்லண்ணை நிதானமாகக் கடைசி ஆணியை இறுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் வரேல்லை. அதுதான் நான் வந்தனான்."

"இதைத் தூக்கிட்டு எதுல வந்தீங்க?"

"எஸ்-பான் ரெயினில."

"உங்க கார்?"

"என்னட்டை எங்க கார்?" என்று சிரித்தார்.

ஊருக்கெல்லாம் சில்லுப் போட்ட மனிதரிடம் கார் இல்லை. அன்றைக்கு எப்போதோ என் 'அண்ணா' 'அண்ணை' ஆகிவிட்டது.

பிப்ரவரியில் அலுவலகம் என்னை ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் பீலெஃபெல்ட் அனுப்பியது. காரில் மூன்று மணி நேரம், வழியில் சாவர்லாண்ட் மலைப்பகுதி. வானிலை அறிக்கை பனி என்றது. காற்றழுத்தம் பார்க்கப் பட்டறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். சில்லண்ணை நான்கு சக்கரத்திலும் அழுத்தம் பார்த்தார். பிறகு முதல் சக்கரத்துக்கே திரும்பிப் போய் மறுபடி பார்த்தார்.

"தங்கச்சி, நானும் வரட்டோ?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு அவரை அழைத்துவரப் போனேன். ஒரே அறை. நடுவில் போர்வை போர்த்திய வட்ட மேசை. அதன்மேல் தேநீர்க் கோப்பை. அவர் அலமாரிக்குள் சால்வை தேடிக்கொண்டிருந்தபோது போர்வையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெள்ளி போல மின்னும் நான்கு அலாய் வீல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. பதினைந்து அங்குலம். பனிக்கால டயர், முளை முளையாய் ரப்பர் முடிகூடத் தேயாத புத்தம் புதுசு. அவர் கற்றுக்கொடுத்த பழக்கத்தில் நான்கு இலக்கங்களைப் படித்தேன்.

"அண்ணை, இது ஒன்பது வருஷப் பழசு. வேற யாராவது கொண்டுவந்தா குப்பையில போடச் சொல்லுவீங்க."

"ஓம். போடோணும்."

"ஏன் போடலை?"

"நேரம் கிடைக்கேல்லை" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தார்.

மலையேறத் தொடங்கினோம். பனி கொட்டத் தொடங்கியது. ஓரத்தில் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. என் தோசைக்கல் வீல்கள் நறநறவென்று கடித்துக்கொண்டு ஏறின. ஒரு வளைவில், "இதிலதான்" என்றார்.

"என்ன இதுல?"

ஒன்பது வருடத்துக்கு முன்னால் கொலோனில் ஒரு கல்யாண வீட்டில் சுகந்தி என்ற பெண்ணைச் சந்தித்திருக்கிறார். இருவருக்கும் பிடித்துப்போனது. பெண்ணின் அப்பா, ஒரு சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பீலெஃபெல்ட் வீட்டுக்கு வந்து பேசச் சொன்னார். அன்று மாலையே வேறொரு மாப்பிள்ளை வீட்டாரும் வருவதாக இருந்தது. சிநேகிதன் காரில் கிளம்பினார்கள்.

"இதே கார்தான். நிறம் மட்டும் நீலம். சம்மர் ரயர். எங்களுக்கு அப்ப ஆர் சொன்னது? இந்த வளைவில வழுக்கிப் பள்ளத்துக்குள்ள போட்டுது. ஆளுக்கு ஒண்டுமில்லை. இழுத்து எடுக்கவே இரவாகிப் போச்சு. அடுத்த நாள் போனன். அவவின்ர அப்பா கதவு திறக்கேல்லை. கலியாணம் பேசவே நேரத்துக்கு வராதவன், கட்டினாப் பிறகு எங்க வரப்போறான் எண்டு உள்ள இருந்து சொன்னார்."

அடுத்த வாரமே அந்த வீல்களை வாங்கியிருக்கிறார். பிறகு அதே மாதிரிக் கார் வாங்கி, அதில் போய் நின்று, இனிப் பிந்தமாட்டேன் என்று காட்டுவதாகத் திட்டம். காருக்கு முன்னால் கல்யாணக் கார்டு வந்துவிட்டது. பட்டறை வேலையில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

பத்து மணிக்கு முன்பே ஊருக்குள் நுழைந்துவிட்டோம். எனக்குப் பதினொன்றுக்குத்தான் கூட்டம். சில்லண்ணை ஒரு தெருப் பெயரைச் சொன்னார். அங்கே ஒரு தமிழ்க் கடை. உள்ளே கத்தரிக்காய் நிறுத்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தார். கை அப்படியே நின்றது.

"நீங்களோ?"

"ஓம்."

தராசின் முள் ஆடி நின்றது. "அண்டைக்கு முழுநாளும் ஜன்னலுக்குள்ள நிண்டனான். நீங்கள் வரேல்லை."

"றோட்டில ஸ்னோ. சில்லு சரியில்லை. அடுத்த நாள் வந்தனான்."

"அடுத்த நாளோ?"

"ஓம். அப்பா கதவு திறக்கேல்லை."

சுகந்தி அக்கா கத்தரிக்காய்ப் பையைத் தராசிலிருந்து எடுத்தார். மறுபடி வைத்தார். "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஊறுகாய் போத்தல்களின் பெயர்களை எல்லாம் படித்து முடித்தேன்.

அப்போது பின்வாசல் வழியாக அவர் கணவர் அரிசி மூட்டையோடு வந்தார். வாய் நிறையச் சிரிப்புள்ள மனிதர். "ஆர் இவை?" என்றார்.

"பிராங்பேர்ட்டில இருந்து வந்திருக்கினம். தெரிஞ்ச ஆக்கள்."

சில்லண்ணை வாசல் பக்கம் கையைக் காட்டினார். "வெளியில நிக்கிற வெள்ளை வான் உங்கடையோ? பிள்ளையளை அதிலயோ பள்ளிக்கூடம் ஏத்துறியள்? முன் சில்லு ரெண்டும் தேஞ்சு போச்சு."

கூட்டம் முடிந்து மூன்று மணிக்கு நான் திரும்பியபோது வானின் நான்கு சக்கரமும் மாறியிருந்தன. எங்கேயோ போய் டயர் வாங்கி, கடை வாசலிலேயே இரண்டு ஆண்களும் பனியில் முழங்காலிட்டு மாற்றியிருக்கிறார்கள். கணவர் தோழமையோடு அவர் முதுகில் தட்டினார். சுகந்தி அக்கா தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். 

பிராங்பேர்ட்டுக்குத் திரும்பினோம். மலையைத் தாண்டிய பிறகு அவரே சொன்னார்.

"வராதவன் எண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சிருக்கிறா. பிந்தினவன் எண்டு இப்பத் தெரியும். எனக்கு அது போதும், தங்கச்சி." பிறகு முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிக்கொண்டு, வீடு வரும்வரை வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

அந்த வாரமே அவர் செத்த ரப்பரைக் கழற்றிக் கழிவில் போட்டுவிட்டதாக வதனி அக்கா சொன்னார். வீல்கள் மட்டும் அறையில் இருந்தன.

மூன்று வருடம் கழித்து நான் ஊர் திரும்ப முடிவுசெய்து காரை விற்றபோது, வாங்க வந்தவர்களை அவர்தான் நேர்காணல் செய்தார். இரண்டு பேரை, நடையே சரியில்லை என்று விரட்டினார். விமான நிலையத்துக்கு எஸ்-பானில் கூடவே வந்தார். பெட்டியின் சில்லு ஒன்று ஆடுகிறது என்று அங்கேயும் குனிந்து உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்திருக்க ஏன் அவ்வளவு நேரமானது என்பது எனக்குத் தெரியும். அதனால் நானும் அவசரப்படுத்தவில்லை.

சில வருடங்களுக்குப் பிறகு பட்டறைக்குப் போன் செய்தேன். புதுக் குரல் ஒன்று, அவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்றது. கனடா என்கிறார் ஒருவர், லண்டன் என்கிறார் இன்னொருவர். வதனி அக்காவுக்கும் தெரியவில்லை.

தூரப் பயணம் போனால், போய்ச் சேர்ந்ததும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது அவர் எனக்குப் போட்டிருந்த சட்டம். நான் சொல்லும் வரை அவர் சாப்பிட மாட்டார் என்று வதனி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்போதும் வெளியூர் போய்க் காரை நிறுத்தியதும் கை தானாகப் போனை எடுக்கிறது. ஒரு கணம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, அம்மாவைக் கூப்பிடுகிறேன்.