சாமி இல்லாத மலையில் ஒரு சேவல்

எங்கள் பக்கத்தில் காரணமில்லாமல் மலை ஏறுகிறவன் கிடையாது. முதலில் மலையே அபூர்வம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் உப்பளம், மிச்சமெல்லாம் பனை. இருக்கிற ஒன்றிரண்டு குன்றின் உச்சியிலும் பெரும்பாலும் ஏதாவது ஒரு சாமி முந்திக்கொண்டு இடம் பிடித்திருக்கும். ஆகவே மலைக்குப் போகிறோம் என்றால் சாமி கும்பிடப் போகிறோம் என்றுதான் அர்த்தம். இது தெரிந்தும், கல்யாணமான புதிதில் என் மாமனாரை மான் பார்க்க மலைக்குக் கூப்பிட்டேன். மான் என்பதை மட்டும் சொல்லவில்லை. (திடீரென்று காட்டி அசத்த வேண்டுமாம்!)

எனக்குத் துறைமுகத்தில், கன்டெய்னர் ஏற்றி இறக்கும் ஆபீஸில் வேலை. மாமனாருக்கு ஓட்டப்பிடாரத்தில் பலசரக்குக் கடை. “ஏசில உக்காந்து பேப்பர பொரட்டுத வேலை” என்று என் உத்தியோகத்தை அவர் வர்ணித்ததாக என் மனைவி செல்வி ஒருநாள் உளறிவிட்டாள். அன்றோடு என் தூக்கம் போயிற்று. காடு மேடு என்று முன்னால் நடந்து, முறுக்குக் கொம்போடு ஒரு வெளிமானைக் காட்டினால்தான் மனிதர் என்னை மதிப்பார் என்று முடிவு கட்டினேன். திருநெல்வேலி போகும் வழியில் ஒரு மலையில் வெளிமானுக்கென்றே ஒரு சரணாலயம் இருக்கிறது. நான் அங்கே போனதில்லை என்பது வேறு விஷயம்.

“மாமா, ஞாயித்துக்கிழம காலைல மலைக்குப் போவோம். அத்தையையும் கூட்டிட்டு வாங்க.”

“ரொம்ப சந்தோசம் மாப்பிள்ளை. கடைய அடைச்சிட்டு வாரோம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு வருகிற அளவுக்கு மனிதருக்கு இயற்கை மேல் பிரியமா என்று எனக்கு ஒரே குழப்பம்.

அவர் நினைத்தது இதுதான். கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டாரைத் தங்கள் குலசாமி கோயிலுக்குப் பொங்கலிட அழைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போய்க் கொண்டிருந்தது. அந்த அழைப்பு வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார். எந்த மலை, எந்தச் சாமி என்று கேட்டிருக்கலாம். ஆனால் மாப்பிள்ளையைக் குறுக்குக் கேள்வி கேட்பது மரியாதை இல்லை. மாமனார் மேல்துண்டால் மூடிக்கொண்டு வரும் பையில் என்ன இருக்கிறது என்று மாப்பிள்ளை கேட்பதும் மரியாதை இல்லை. இரண்டு மரியாதையும் சேர்ந்து எங்களைக் கவிழ்த்தன.

நண்பனின் காரில் விடியற்காலையில் போய் இறங்கினோம். நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தேன். அத்தை பதறி, “இப்ப வேண்டாம் மாப்பிள்ளை, பெறவு பாத்துக்கிடலாம்” என்றார். மாமனார் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. “ஏதும் விரதமோ என்னமோ” என்றாள் செல்வி. நான் மட்டும் நாலு இட்லியை விழுங்கினேன். அத்தை என்னைப் பார்த்த பார்வையில் அந்த நாலும் தொண்டையிலேயே நின்றன.

மலையடிவாரத்தில் மாமனார் செருப்பைக் கழற்றினார். அத்தையும் கழற்றினார். காலடிச் சத்தம் கேட்டால் மான் ஓடிவிடும் என்பதற்காகத்தான் என்று நினைத்து எனக்குப் புல்லரித்தது. நானும் கழற்றினேன். “நீங்களுமா?” என்றாள் செல்வி. அந்த மண்ணில் உடைமரம் அதிகம். பத்தடி போவதற்குள் உடைமுள் இரண்டு காலையும் பதம் பார்த்துவிட்டது.

பாதி ஏற்றத்தில் மாமனார் மெதுவாகக் கேட்டார். “எங்கன இருக்கு மாப்பிள்ளை?”

“இங்கனதான் மாமா. சத்தம் போட்டா வராது.”

“துடியானதோ?”

“ஆமா, ரொம்ப வேகம். வெயில் ஏறிட்டா பொதருக்குள்ள போயிரும்.”

அவர் பயபக்தியோடு துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அதோடு பையை மூடியிருந்த மறைப்பும் போயிற்று. பை அசைந்தது. மறு நிமிடம் மலையே அதிரும்படி ஒரு கூவல். பைக்குள்ளிருந்து செக்கச்செவேலென்று ஒரு சேவல் சிறகடித்து வெளியே பாய்ந்து புதருக்குள் ஓடியது.

“புடிங்க மாப்பிள்ளை! சாமிக்கு நேந்தது!”

எந்தச் சாமி, எதற்குச் சேவல் என்று ஒரு மண்ணும் புரியாமல் நான் ஓடினேன். மாமனார் மேலே ஓட, நான் கீழே ஓட, சேவல் நடுவில் நின்று இருவரையும் வேடிக்கை பார்த்தது. நான் புதருக்குள் தலையை விட்டிருந்த நேரத்தில் அத்தை கத்தினார். “ஏளா செல்வி, அங்கன பாரு, ஒரு ஆடு நிக்கி! கொம்ப முறுக்கிட்டு என்ன அழகா இருக்கு!”

நான் தலையை வெளியே எடுப்பதற்குள் அது போய்விட்டது. கடைசியில் செல்விதான் அத்தை கொண்டுவந்திருந்த பொங்கல் அரிசியில் ஒரு பிடி அள்ளி இறைத்துச் சேவலைப் பிடித்தாள். கூவல் கேட்டு வந்த வனக்காவலர், “சரணாலயத்துக்குள்ள கோழிய கொண்டு வரலாமா சார்? படிச்ச ஆளுதான நீங்க?” என்று கேட்டு எங்களைக் கீழே இறக்கிவிட்டார்.

சேவலையும் அரிசியையும் பார்த்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. காருக்குப் பக்கத்தில் நின்று உண்மையைச் சொன்னேன். “மாமா, எங்க குலசாமி இங்கன இல்ல. வேம்பார் பக்கத்துல இருக்கு.”

“பெறவு எதுக்கு மலைக்கு வந்தோம்?”

“மான் பாக்க.”

“சாமி இல்லாத மலைல எதுக்கு மாப்பிள்ளை ஏறணும்?” என்றார். பிறகு சேவலைத் தடவிக்கொண்டே, “இப்பவாவது நம்மள கூப்பிட்டாகளேன்னு நெனச்சிட்டேன்” என்றார். காலில் இருந்த முள்ளெல்லாம் அப்போது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரை நேராக வேம்பாருக்கு விட்டேன். போகிற வழியில் அப்பா அம்மாவுக்குப் போன் போட்டுப் பஸ் ஏறி வரச் சொன்னேன். உச்சி வெயிலில் பொங்கல் பொங்கியது. சேவலை அறுக்க மாமனாருக்கு மனம் வரவில்லை. “காட்டையே பாத்துட்டு வந்த பயல்” என்று சொல்லி உயிரோடு கோயிலிலேயே விட்டுவிட்டார். காலையிலிருந்து பட்டினி கிடந்தவர் அதன் பிறகுதான் இலை போட்டு உட்கார்ந்தார்.

என்னைப் பற்றிய அவருடைய அபிப்பிராயம் மாறியதா என்று தெரியாது. ஒன்று மட்டும் மாறியது: இப்போது என்னைக் கேள்வி கேட்கிறார். சினிமாவுக்கோ, கடற்கரைக்கோ, வெறும் ஜவுளிக்கடைக்கோ கூப்பிட்டாலும் போனில் முதலில் வருவது ஒரே கேள்விதான். பின்னால் அத்தை சிரிக்கிற சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

“வாரோம் மாப்பிள்ளை. சாப்ட்டுட்டு வரலாம்லா?”